கிராமத்தைப் படம்பிடிக்கப் போகும் பைக் பயணிக்கு: தருமபுரியில் ஓர் ஒத்திகை

கிர்கிஸ்தானுக்குப் போகப்போகிறீர்கள். நல்லது. வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையா? அதுவும் நல்லதே. ஜார்ஜியா, மங்கோலியா, பெரு என்று எங்கே வேண்டுமானாலும் பைக்கில் போய், அந்தந்த நாட்டுக் கிராமங்களையும் அங்கே இருப்பவர்களின் அன்றாடப் பாட்டையும் படமெடுத்துக்கொண்டு வாருங்கள். ஆனால் விமானம் ஏறுமுன் கை பழக வேண்டும். ஆடு மேய்க்கும் கிழவரைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி, கையுறையை உருவி, பையைத் திறந்து, லென்ஸ் மூடியை எடுப்பதற்குள் கிழவரும் ஆடுகளும் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருப்பார்கள். இதற்கெல்லாம் ஒத்திகை பார்க்கத் தருமபுரி மாவட்டத்தைவிடத் தோதான இடம் பக்கத்தில் கிடையாது. மலை வேண்டுமா, வத்தல்மலையும் சித்தேரியும் இருக்கின்றன. ஆற்றுக்குக் காவிரி, தென்பெண்ணை. அருவிக்கு ஒகேனக்கல். வறண்ட நிலத்துக்கு வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

காகித வேலையும் குறைவு. சொந்த வண்டியோடு பல நாடுகளுக்குள் நுழைய ‘கார்னே’ என்கிற சுங்கப் புத்தகம் வேண்டும். அதற்குக் கட்டும் பிணைத்தொகையைக் கேட்டால் வண்டியை விற்றுவிட்டு நடந்தே போகலாம் என்று தோன்றும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நமக்குக் கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பதோ 1968ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை. இந்த நுணுக்கத்தை ஹா ஜியாங் போலீஸ்காரர் உங்களுக்கு வியட்நாமிய மொழியில் விளக்குவார். தொப்பூர் போலீஸ்காரருக்குத் தலையில் ஹெல்மெட்டும் கையில் லைசென்சும் இருந்தால் போதும்.

முன்னால் வந்தவர்கள்

இந்தச் சீமையை நீங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததாக எண்ணிவிட வேண்டாம். 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வந்தார்கள். திப்பு சுல்தானோடு கம்பெனிப் படை நடத்திய சண்டையின் சூடு ஆறியிருக்கவில்லை. பாராமகால் என்று அப்போது அழைத்த இந்தப் பகுதியின் ராயக்கோட்டை, ஜெகதேவி முதலிய மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு போய் லண்டனில் அச்சடித்தார்கள்.

அடுத்து, 1857 கடைசியில், கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். கேமராவையும் ரசாயனங்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். இன்றைக்கும் பைக் கோஷ்டிகள் அதே பெங்களூரிலிருந்துதான் புறப்படுகின்றன. ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் தனி ஆல்பமாகவே 1858இல் வெளியிட்டார். தருமபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமானது. ராயக்கோட்டை 2004இல் கிருஷ்ணகிரியோடு பிரிந்து போனது. பின்னாளில் கவர்னராக வந்த டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் கடையைக் கட்டச் சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்பை உங்கள் வீட்டிலும் யாராவது ஏற்றிருப்பார்கள்.

டிரைப்பின் படங்களில் கோட்டை இருக்கும், கோயில் இருக்கும், பாறை இருக்கும்; மனிதர்கள் மட்டும் அநேகமாக இருக்கமாட்டார்கள். காகித நெகட்டிவில் உருவம் பதிய நேரமாகும், நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள். அவருக்கு அந்தச் சாக்கு இருந்தது. உங்கள் கேமரா ஒரு நொடியை நாலாயிரமாகக் கூறுபோட்டு அதில் ஒரு கூறில் படத்தை முடித்துவிடுகிறது. ஆகவே ஊரில் இருக்கிறவர்களைப் படத்தில் இல்லாமல் செய்ய நீங்கள் கொஞ்சம் கூடுதலாகப் பாடுபட வேண்டும்.

வண்டி

பெரிய வண்டியாக எடுங்கள். நானூறு சிசிக்குக் குறையக் கூடாது. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பெட்டியில் ஏற்கெனவே போன நாடுகளின் கொடிகள், இனிமேல் போகப்போகிற நாடுகளின் கொடிகள். ‘சாகசம்’ என்ற பொருள்பட ஏதாவதொரு ஸ்டிக்கர் அவசியம்.

அடுத்த விதி முக்கியமானது: டி.வி.எஸ். எக்ஸெல் எந்தப் படத்திலும் விழக் கூடாது. இது பெரிய சோதனை, ஏனென்றால் இந்த மாவட்டம் உலகத்துக்குப் பெற்றுக் கொடுத்த வண்டியே அதுதான். 1980இல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் பேரப்பிள்ளை இன்று பாலக்கோடு சாலையில் எதிரே வருவதைப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் தக்காளிப் பெட்டி. பின்னால் சோளத்தட்டுக் கட்டு. நடுவில் கணவர், அவர் முதுகை ஒட்டி மனைவி, மனைவியின் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி. அது மட்டும்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். நூறு சிசி. உங்கள் வண்டியில் நீங்கள் ஒருவர், கூடவே ஒரு கூடாரம். சாகச ஸ்டிக்கர் உங்கள் வண்டியில்தான் ஒட்டியிருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அவர்கள் கடந்துபோகும்வரை கேமராவைத் தாழ்த்திப் பிடியுங்கள்.

கிராமம் என்றால் மாட்டு வண்டி. அது வரும்வரை புளியமரத்தடியில் காத்திருங்கள். சாலையோரப் புளியமரங்கள் இங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. நான்குவழிச் சாலைக்காக வெட்டியது போக. அரைநாள் உட்கார்ந்தால் நூறு எக்ஸெல் போகும், ஐம்பது மினி டெம்போ போகும், பன்னாட்டுப் பள்ளி என்று பெயரெழுதிய மஞ்சள் வேன் போகும், ஆம்புலன்ஸ் ஒன்று போகும். மாட்டு வண்டியும் வரக்கூடும். வந்தால் அதில் கிரிக்கெட் அணியின் பெயர் போட்ட பனியனோடு ஒரு பையன் உட்கார்ந்து செல்போனில் பேசிக்கொண்டிருப்பான். போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். பனியனைக் கழற்றச் சொல்வது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

ஒளியும் சாலையும்

காலை ஏழு மணிக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும். அந்த நேரத்தில் இங்கே சாலையில் என்ன கிடக்கும் என்பதை அவை சொல்வதில்லை.

தை மாதவாக்கில் வந்தால் கொள்ளுச் செடி கிடக்கும். மானாவாரி நிலத்தில் பிடுங்கியதைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தார்ச்சாலையில் ஒரு பக்கமாக, சில ஊர்களில் முழு அகலத்துக்கும், மெத்தைபோல் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் வெடித்துக் கொள்ளு உதிரும். வெயில் தாழ்ந்ததும் செடியை உதறித் தள்ளி, அடியில் சேர்ந்ததைக் கூட்டி, காற்றுப் பார்த்து முறத்தில் தூற்றுவார்கள். பொட்டு மாட்டுக்கு. கேழ்வரகுக் கதிருக்கும் சில இடங்களில் இதே வைத்தியம்தான். களம் போட இடமில்லை, ஆள் கூலி கட்டாது, அரசாங்கம் போட்ட ரோடு சும்மாதானே கிடக்கிறது.

உங்களுக்கு இது வரப்பிரசாதம். தூற்றும்போது எழும் தூசியில் சாய்ந்த வெயில் பட்டால் பொன்னாக மின்னும். அந்த ஒரு படத்துக்காகவே வந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் செடிமேல் வண்டியை ஏற்றும்போது முன் பிரேக்கைத் தொட்டுவிடாதீர்கள். காய்ந்த கொடி வழுக்கும். கொஞ்சம் அசந்தால் செயினில் சுற்றிக்கொண்டு பின் சக்கரத்தை நிறுத்திவிடும். கீழே குனிந்து கொடியைப் பிய்த்தெடுத்துக்கொண்டிருக்கும்போது, தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா துடைப்பத்தோடு வந்து நிற்பார்.

“நடுவுல நிக்காத தம்பி. வண்டி நல்லா கனமாத்தான் இருக்குது. அப்படியே ரெண்டு தரம் ஏத்தி எறக்கிட்டுப் போ.”

ஏற்றி இறக்குங்கள். உங்கள் பயணத்தில் ஊருக்கு உருப்படியாக ஆகும் காரியம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சிவப்பு நிறம் வேண்டுகிறவர்கள் பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குப் போகலாம். விலை விழுந்த வாரமாகப் பார்த்துப் போனால் இன்னும் விசேஷம். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது என்று பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டியிருப்பார்கள். பச்சைப் புல், சிவந்த பழம், பக்கத்தில் ஒரு வெள்ளை மாடு. கொட்டியவர் அங்கே நிற்கமாட்டார். அதுவும் உங்களுக்கு வசதிதான்.

ஆட்களை அணுகுவது

‘இயல்பான அன்றாட வாழ்க்கை’ வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள். இதில் ஒரு சிக்கல். இந்த நாட்டில் கேமராவுக்கு முன் அதிகமாக நிற்கிறவர்கள் சினிமாக்காரர்கள் அல்லர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். 2023 ஜனவரியிலிருந்து வேலைத்தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை செல்போனில் படமெடுத்து ஏற்றவேண்டும் என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. இடமும் நேரமும் படத்தோடு பதிவாகும். முகம் சரியாக விழவில்லை என்றால், டவர் கிடைக்கவில்லை என்றால், கூலிக்கு இழுபறி. தொகுப்பு வீடு கட்டுகிறவர்களுக்கும் கடைக்கால் போட்டதும் ஒரு படம், கூரை போட்டதும் ஒரு படம்; அப்போதுதான் அடுத்த தவணை வரும்.

ஆக, ஏரிக்கரையில் மண் வெட்டுகிற பெண்களை நோக்கி நீங்கள் கேமராவைத் தூக்கிய மாத்திரத்தில் அத்தனை பேரும் மண்வெட்டியை வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, வரிசையில் நின்று, நேராக லென்ஸைப் பார்ப்பார்கள்.

“நீங்க பாட்டுக்கு இயல்பா இருங்கம்மா” என்று சொல்லுங்கள்.

“இயல்பான்னா எப்படி? உக்காந்தா, நின்னுகிட்டா?”

“வேலை செஞ்சுகிட்டே.”

“மத்தியான போட்டோவா தம்பி? காலைல ஒருக்கா எடுத்துட்டாங்களே.”

எதற்குப் படம் என்று கட்டாயம் கேட்பார்கள். ‘சும்மாதான்’ என்று சொல்லக் கூடாது. பெங்களூரிலிருந்து சும்மா பெட்ரோலைப் போட்டுக்கொண்டு வந்து, வெயிலில் இத்தனை கனத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தெரியாதவர் வீட்டுத் திண்ணையைப் படமெடுக்கிறார் ஒருவர் என்பதை யாரும் நம்பத் தயாராக இல்லை. நிலம் அளக்க வந்தவர், மைக்ரோ பைனான்ஸ் ஆள், கிரானைட் கம்பெனி, சாலை அகலப்படுத்தும் கோஷ்டி என்று உங்களைப் பற்றிய முடிவை உங்கள் இன்ஜின் அடங்குவதற்குள் எடுத்திருப்பார்கள். பட்டா மாறுதல் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டால் திகைக்காமல் ஏதாவது சொல்லப் பழகுங்கள். கிர்கிஸ்தானிலும் இதே கேள்விதான் வரும், மொழிதான் வேறு.

ஜாக்கெட்டின் நிறத்தைப் பற்றி ஒரு சொல். காக்கியும் ராணுவப் பச்சையும் வேண்டாம், அரூரைத் தாண்டிச் சித்தேரி மலைப் பக்கம் போவதாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனக் கட்டை தேடுவதாக அந்த ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சமிருந்த அத்தனை பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதில் கேலி செய்ய எனக்கு ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் வண்டிச் சத்தம் கேட்டு ஒரு கிழவி கதவைச் சாத்தினால், அது படத்துக்கான ‘வெட்கம்’ அல்ல.

சிரிக்கச் சொல்வது

முகத்தை நெருக்கமாக எடுக்க ஆசைப்படுவீர்கள். சுருக்கங்கள், நரைத்த தாடி, ஒரு பக்கம் இருட்டு. உள்ளூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களைக் கேட்டால் இந்த ரசனையை எண்ணி வருத்தப்படுவார்கள். அவர்களிடம் வருகிறவர்கள் கேட்பது முழு உருவம்: பாதம் வெட்டுப்படக் கூடாது, முகம் வெளிச்சமாக இருக்க வேண்டும், வேட்டிக் கரை தெரிய வேண்டும், சுருக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்க வேண்டும். நீங்களோ காசு வாங்காமல் சுருக்கத்தைக் கூட்டிக் கொடுக்கிறீர்கள்.

சிரிக்கச் சொன்னால் பெண்ணாகரம் பக்கம் நடுவயதுக்காரர் பலர் உதட்டை மூடிக்கொண்டே சிரிப்பார்கள். வற்புறுத்தினால் பல் தெரியும். பல்லில் பழுப்புப் பட்டை தெரியும். தலைமுறை தலைமுறையாகக் குடித்த நிலத்தடி நீரில், பாறையிலிருந்து கரைந்து வந்த ஃபுளோரைடு இருந்தது. பல் முளைக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் கறை உள்ளுக்குள்ளேயே ஏறிவிடும். எந்தப் பொடி போட்டுத் துலக்கினாலும் போகாது. அளவு கூடிப் போனால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். கல்யாணப் பேச்சுகள் இந்தப் பல்லைப் பார்த்துத் தட்டிப் போனதுண்டு. கறுப்பு வெள்ளையில் இது எடுப்பாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ‘வெற்றிலைக் கறை படிந்த வெள்ளந்திச் சிரிப்பு’ என்று தலைப்பு வைத்துவிட்டால் தண்ணீர் சமாசாரத்துக்குள் போகவேண்டிய தொல்லையும் இல்லை.

அந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் கடனுதவி, சுமார் 1,929 கோடி ரூபாய், தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரி நீர், 2013இல் தொடங்கிவைத்தார்கள். உங்கள் தொழிலுக்கு இது பெரிய அடி. தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குடம் சுமந்து செம்மண் பாதையில் வரிசையாகப் போகும் பெண்கள் இல்லாமல் கிராமத்து ஆல்பம் எப்படி முழுமையாகும்? மனம் தளர வேண்டாம். குழாய் இருக்கும் தெருவிலும் தண்ணீர் வராத நாள் உண்டு. அன்றைக்குப் போனால் குடம் கிடைக்கும். பித்தளைக் குடத்தை எதிர்பார்க்காதீர்கள். பச்சை, ஊதா, ரோஸ் நிறங்களில் பிளாஸ்டிக். சில வீட்டு வாசலில் கட்சித் தலைவர் படம் ஒட்டியதும் இருக்கும்.

ஒகேனக்கல்

மாவட்டத்துக்கு வந்துவிட்டு இங்கே போகாமல் திரும்ப முடியாது. தருமபுரியிலிருந்து பெண்ணாகரம் வழியாக 46 கிலோமீட்டர். புறப்படுமுன் செய்தித்தாளில் பிலிகுண்டுலு என்ற ஊர்ப்பெயரைத் தேடுங்கள். கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரை அளப்பது அங்கேதான். கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வழிந்தால் கன அடி ஏறும், ஏறினால் மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போடும். அப்போதுதான் அருவி பார்க்கவே பயங்கர அழகாக இருக்கும். பரிசல்காரர்களுக்கும் எண்ணெய் தேய்ப்பவர்களுக்கும் மீன் வறுத்து விற்கும் பெண்களுக்கும் அன்று வருமானம் கிடையாது. கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் அவர்களைக் ‘காவிரியோரம் ஓய்வு’ என்று எடுக்கலாம்.

தண்ணீர் மட்டாக ஓடும் நாளில் பரிசல் ஏறுங்கள். மூங்கில் பிளாச்சைப் பின்னி, ஒரு காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒற்றைத் துடுப்பை முன்னால் குத்தி இழுத்து, பாறைகளுக்கு இடையில் எதிர் நீரோட்டத்தில் ஏற்றிப் போவதைப் பார்த்தால் ஆளின் தோள் தெரியும். நடு ஆற்றில் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார், அது உங்களுக்காக. அவருக்கு அது ஒரு நாளைக்கு எத்தனையாவது சுற்று என்று கேட்காதீர்கள்.

எல்லோரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பார்கள். பழமையான கலமும் பழுப்பு நிறப் பாறையுமாக அமைந்த காட்சியில் இந்த ஆரஞ்சு கண்ணைக் குத்தும். ஒரு படத்துக்கு மட்டும் கழற்றுங்களேன் என்று பரிசல்காரரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த ஆறு ஆட்களை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். பதில் சொல்லாமல் துடுப்பைப் போடுவார்.

எடுத்ததைத் திருத்துவது

வீடு திரும்பியதும் பாதி வேலை இருக்கிறது. மின்கம்பி, செல்போன் கோபுரம், பஞ்சாயத்துத் தொட்டி, பூப்புனித நீராட்டு விழா பேனர், வட்டிக்கடை விளம்பரம் எல்லாவற்றையும் அழியுங்கள். மென்பொருள் இப்போது ஒரே தட்டில் செய்துவிடும். அழித்த இடத்தில் வானத்தையோ புல்லையோ அதுவே வளர்த்தும் கொடுக்கும். இதைப் பெரிய மனிதர்களே செய்திருக்கிறார்கள். ஸ்டீவ் மெக்கரி இந்தியாவைப் படமெடுத்தே உலகப் புகழ் பெற்றவர். 2016இல் இத்தாலியில் ஒரு கண்காட்சியில் அவருடைய கியூபாப் படத்தில் ஏதோ கோணலாக இருப்பதை ஒருவர் கவனித்துவிட்டார். கம்பம் ஒன்று அரைகுறையாக நகர்த்தப்பட்டிருந்தது. பிறகு ஆளாளுக்குத் தோண்டியதில், இந்தியத் துணைக்கண்டத்துப் படங்கள் சிலவற்றில் நின்றிருந்த ஆட்களே காணாமல் போயிருந்தது தெரிந்தது. நான் காட்சி வழியே கதை சொல்பவன் என்றார் அவர். இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உதவும்.

உங்களையும் படத்தில் வைக்க மறக்காதீர்கள். வண்டியில் சாய்ந்தபடி, தூரத்து மலையைப் பார்த்தபடி. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை பயின்ற ஏ.கே. செட்டியார், காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து 1940இல் அதை வெளியிட்டார். தமிழில் பயண எழுத்துக்கே பாதை போட்ட மனிதர், தம்மைக் கூடியவரை ஓரத்திலேயே நிறுத்திக்கொண்டார். லைக் வராத காலம்.

தலைப்பு வைப்பது

‘உழவர், தமிழ்நாடு.’ ‘தலைச்சுமையோடு ஒரு பெண், தென்னிந்தியா.’ ‘மலைவாழ் சிறுமி.’ இப்படித்தான் தலைப்பு இருக்க வேண்டும். பெயர் போட்டால் அவர் ஒரு தனி ஆளாகிவிடுவார். அப்புறம் அவருக்கு வயது வரும், கடன் வரும், பெங்களூரில் ஒரு மகன் வருவான்.

இந்த விஷயத்தில் தருமபுரிக்காரர்களின் பழைய நடைமுறையைப் பின்பற்றிவிடாதீர்கள். நகரத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்னும் பல கற்கள் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் வேடியப்பன் என்ற பெயரில் மஞ்சளும் குங்குமமும் பொங்கலும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. கையில் வில், இடுப்பில் குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் சில சமயம் மாடுகள். ஊர் மாட்டைக் கவர்ந்துகொண்டு போனவர்களைத் துரத்திப் போய்ச் செத்த ஆள். எழுத்துள்ள கற்களில் எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, இவன் யாருடைய சேவகன், எந்த ஊர்ச் சண்டையில் விழுந்தான், இவன் பெயர் என்ன என்று செதுக்கியிருக்கிறது. பல்லவர் காலத்தில், உளி சுத்தியலை வைத்துக்கொண்டு, ஒரு மாடு மீட்கப் போனவனுக்கு இத்தனையும் எழுத நேரமிருந்திருக்கிறது. உங்கள் கேமரா அட்சரேகை, தீர்க்கரேகை, லென்ஸின் மாடல் எண் வரை தானாகக் குறித்துக்கொள்கிறது. எதிரே நின்றவரின் பெயருக்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. நிம்மதி.

பிரதி அனுப்புவது

இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். பெரும்பாலான பயணிகள் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் வத்தல்மலை ஏறி, காப்பிச் செடிக்கு நடுவில் சாமை புடைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாட்டியை நீங்கள் படமெடுத்துத் திரையில் காட்டியும்விட்டால் தப்பிக்க முடியாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “எனக்கு ஒண்ணு போட்டு அனுப்பு சாமி. பெருசா. பின்னாடி அந்த கோழிக்கூட எடுத்துடு. மூக்குத்தி தெரியணும்.”

பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் காலத்தில் ஒருவர் செத்த அன்றே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் எழும்பிவிடுகிறது. கடைசி நேரத்தில் ரேஷன் கார்டிலிருந்து வெட்டி ஒட்டிய மங்கல் முகத்தோடு பேனரில் தொங்குவதில் பாட்டிக்கு விருப்பமில்லை. உங்களை விட்டால் இந்த மலைக்கு இவ்வளவு நல்ல கேமரா எப்போது வரும்?

அனுப்ப வேண்டுமானால் விலாசம் வேண்டும். விலாசம் வேண்டுமானால் பெயர் கேட்டாக வேண்டும்; பெயர், அவர் வீட்டுக்காரர் பெயர், ஊர், அஞ்சல், வட்டம். எழுதி முடிக்கும்போது கல்வெட்டில் இருப்பது அத்தனையும் உங்கள் நோட்டில் இருக்கும். பாதி விலாசத்தில் பேத்தி வந்து போன் நம்பரைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்பாள். பாட்டி ஒத்துக்கொள்ளமாட்டார். காகிதத்தில் வேண்டும், ஓரத்தில் வெள்ளை விட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு.

பிறகுதான் எங்கிருந்து வருகிறீர்கள் என்று சரியாக விசாரிப்பார். பெங்களூர் என்றதும் முகம் மாறும். மகன் அங்கேதான் எங்கேயோ சென்ட்ரிங் வேலையில் இருக்கிறான், அப்பார்ட்மென்ட் கட்டுகிற இடத்தில். தீபாவளிக்கு வந்தவன், போன் போட்டால் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறான்.

“நீ அங்கதான இருக்க. அவன் தங்கியிருக்குற எடம், சோறு ஆக்குற எடம் எல்லாத்தையும் இதே மாதிரி ஒரு போட்டோ புடிச்சு அனுப்பு சாமி. எப்படி இருக்கான்னு நான் பாக்கணும்.”

இதற்கு 16 மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் கொண்டுபோங்கள். தகர ஷெட்டில் ஆறு பேர் படுக்கும் இடத்தில் பின்னால் நகர்ந்து எடுக்க முடியாது. வேலை முடிந்து ஆட்கள் திரும்ப ஏழு மணியாகும், வெளிச்சமும் இருக்காது, ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி வையுங்கள்.